பந்தயம் நெருங்கும்போது கியர் கேபிள் தேய்ந்துவிட்டால்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் சைக்கிளில் பின் கியர் மாறும்போது தயங்குகிறதா? கேபிளின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் பேரல் அட்ஜஸ்டர் திருகைக் கால் சுற்று திருப்பினால் சரியாகி, அடுத்த ஓட்டத்தில் மறுபடி கெட்டுப்போகிறதா? பந்தயம் வேறு நெருங்கிவிட்டதா? அப்படியானால் அட்ஜஸ்டரைத் திருப்புவதை நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள்.

எனக்கு இதே தொல்லை வந்தபோது, வண்டியைக் கொடுத்த பட்டறையில் ஒவ்வொரு முறையும் கியரை டியூன் செய்து திருப்பிக் கொடுத்தார்களே தவிர, ஷிஃப்டருக்குள் (ஹேண்டில்பாரில் கியரை மாற்றும் லீவர் பகுதி) இருக்கும் கேபிளை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு பயிற்சி ஓட்டத்தில் கேபிள் ஷிஃப்டருக்குள்ளேயே அறுந்தது. புதுக் கேபிள் போடுவது பெரிய வேலை இல்லை. கேபிளின் நுனியில் குமிழ்போல இருக்கும் தலை அறுந்து உள்ளே சிக்கியதை எடுப்பதுதான் உயிரை வாங்கியது. அறுவதற்கு முன்பே மாற்றியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

இது கேபிள் வைத்த கியர்களுக்கு மட்டும். ஷிமானோ டிஐ2, ஸ்ராம் ஏஎக்ஸ்எஸ் போன்ற மின்னணு கியர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

1. முதலில் கோளாறு கேபிளில்தானா என்று பாருங்கள்

கியர் எந்தப் பக்கம் போகும்போது தயங்குகிறது என்பதைக் கவனியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

செயின் பெரிய பல்சக்கரத்திலிருந்து சின்னதற்கு இறங்கத் தயங்கினால், அது பெரும்பாலும் உராய்வு. இறங்கும்போது கேபிளை இழுப்பது டிரெயிலியரின் (பின்னால் செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளும் கருவி) ஸ்பிரிங் மட்டும்தான். கேபிள் ஓடும் வெளி உறையான ஹவுசிங்குக்குள் அழுக்கோ துருவோ சேர்ந்திருந்தால் அந்த ஸ்பிரிங்கின் பலம் போதாது. டிரெயிலியருக்குப் போகும் கடைசி வளைவுதான் அதிகம் அழுக்கடையும் இடம்.

சின்னதிலிருந்து பெரியதற்கு ஏறத் தயங்கினால், கேபிள் தளர்ந்திருக்கிறது. புதுக் கேபிள் முதல் சில ஓட்டங்களில் தளர்வது வழக்கம். ஆனால் மாதக்கணக்கில் அசையாமல் இருந்த கேபிள் திடீரென்று தளரத் தொடங்கினால், அதை அபாய அறிவிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பல கேபிள்கள் 19 மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்தவை. இழை ஒவ்வொன்றாக அறும்போது மிச்சமுள்ளவை அந்தச் சுமையையும் தாங்கிக் கொஞ்சம் நீள்கின்றன. நீங்கள் அட்ஜஸ்டரை இறுக்கி இறுக்கிச் சரிசெய்வது அந்த நீட்சியைத்தான்.

வண்டி சமீபத்தில் வலது பக்கமாக விழுந்திருந்தால், டிரெயிலியர் தொங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள். அது வளைந்திருந்தால் எத்தனை கேபிள் மாற்றினாலும் பயனில்லை.

இப்போது கேபிளையே பாருங்கள். பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, பெடலைச் சுற்றியபடி மிகச் சின்ன பல்சக்கரத்துக்கு வாருங்கள். வளைந்த ஹேண்டில்பார் என்றால் பிரேக் லீவரை அழுத்திக்கொண்டு, ரப்பர் உறையை லேசாக மடித்து, டார்ச் அடித்துப் பாருங்கள். கேபிளின் தலையும் அதை ஒட்டிய ஓரிரு சென்டிமீட்டரும் தெரிய வேண்டும். சரியாகத் தெரியவில்லை என்றால், டிரெயிலியரில் கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, கேபிளை ஷிஃப்டர் பக்கமாகத் தள்ளினால் தலை வெளியே எட்டிப் பார்க்கும். அந்த இடத்தில் ஒரே ஒரு இழை முடிபோல விலகி நின்றாலும், விரலில் குத்தினாலும் மாற்றிவிடுங்கள். ஷிஃப்டருக்குள் கேபிள் சின்ன உருளையைச் சுற்றி இறுக்கமாக வளைகிறது. ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் அதே இடம்தான் வளைந்து நிமிர்கிறது. கேபிள் பார் டேப்புக்கு (ஹேண்டில்பாரில் சுற்றியிருக்கும் டேப்) அடியில் போகும் ஷிமானோ ரோடு ஷிஃப்டர்களில், முக்கியமாகப் பின்னால் 11 பல்சக்கரம் உள்ள 11 வேக மாடல்களில், தலைக்குப் பக்கத்தில் அறுவது நன்றாகத் தெரிந்த பிரச்சினை.

டிரெயிலியர் போல்ட்டைத் தாண்டி வெளியே நிற்கும் வால் பகுதி பிரிந்திருந்தால் பயப்பட வேண்டாம். அதில் சுமை இல்லை. பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

2. நாட்களைப் பந்தயத்திலிருந்து எண்ணாதீர்கள்

புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். உங்கள் கெடு பந்தய நாள் காலை இல்லை, வண்டியை ஒப்படைக்கும் நேரம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த பல டிரையத்லான் போட்டிகளில் சைக்கிளை முந்தைய நாளே நிறுத்துமிடத்தில் விட்டுவிட வேண்டும். அதன்பிறகு காலையில் கொஞ்ச நேரம்தான் தொட முடியும். புதுக் கேபிள் படிய ஓரிரு ஓட்டம் வேண்டும் என்பதால் அந்த நாட்களையும் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரமோ அதற்கு மேலோ இருந்தால் ஹவுசிங் உட்பட முழுவதையும் மாற்றலாம். மூன்று, நான்கு நாள்தான் இருக்கிறது என்றால் உள் கேபிளையும், அழுக்காக இருந்தால் டிரெயிலியர் பக்கத்துக் கடைசி ஹவுசிங் துண்டையும் மட்டும் மாற்றுங்கள். முதல் நாள் மாலைதான் தெரிய வந்தது என்றால் உள் கேபிள் மட்டும். பார் டேப்பைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். அவசரத்தில் சுற்றிய டேப் பந்தயத்தின் நடுவே அவிழ்ந்து தொங்கினால் அது தனித் தலைவலி.

பட்டறையில் கொடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே பேசி நேரம் வாங்கிவிடுங்கள். பந்தய வாரத்தில் உங்களைப்போல எல்லோருமே அங்கே நிற்பார்கள்.

3. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

போட்டி அமைப்பாளர்கள் அனுப்பும் வழிகாட்டிக் கையேட்டை எடுத்து, வண்டியை ஒப்படைக்கும் நேரம், பரிசோதனை உண்டா, வழியில் வெளியார் உதவி அனுமதிக்கப்படுமா என்ற மூன்றையும் பாருங்கள். டிரையத்லானில் பெரும்பாலும் வெளியார் உதவி கூடாது. அமைப்பாளர்கள் ஏற்பாடு செய்த உதவி மட்டும் விதிவிலக்கு. அதனால் வழியில் கேபிள் அறுந்தால் நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அடுத்தது ஷிஃப்டரின் தொழில்நுட்பக் கையேடு. மாடல் எண் லீவரிலேயே பொறித்திருக்கும், பெரும்பாலும் உள்பக்கம். தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடினால் கையேடு இலவசமாகக் கிடைக்கும். கேபிள் நுழையும் துளை எங்கே, போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற இரண்டும் மாடலுக்கு மாடல் மாறும். அந்தப் பக்கங்களை போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்டருக்கு இன்னும் உத்தரவாதக் காலம் இருந்தால் ரசீதையும் தேடி வையுங்கள். கேபிள் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஷிஃப்டரைக் கழற்றிப் பிரிக்காதீர்கள்.

4. என்ன வாங்குவது, எவ்வளவு ஆகும்

உள் கேபிள் சைக்கிளிலேயே விலை குறைந்த பாகங்களில் ஒன்று. அதனால் இரண்டாக வாங்குங்கள். ஒன்று கோக்கும்போது பிரிந்துவிட்டால் கைக்கு மாற்று வேண்டும்.

கடையில் "கேபிள்" என்று மட்டும் கேட்டால் பிரேக் கேபிளைக் கொடுத்துவிடக்கூடும். கியர் கேபிள் 1.2 மில்லிமீட்டர் தடிமன், சிலது 1.1. பிரேக் கேபிள் 1.5 அல்லது 1.6, அதன் தலையும் பெரியது. ஷிமானோ, ஸ்ராம் இரண்டுக்கும் ஒரே தலைதான். கேம்பக்னோலோவின் தலை கொஞ்சம் சிறியது. ஷிமானோ கேபிளை கேம்பக்னோலோ ஷிஃப்டரில் திணித்தால் மாட்டிக்கொண்டு திரும்ப வராது. நீளம் 2100 மில்லிமீட்டர் என்றால் சாதாரண வண்டிகளுக்குப் போதும்.

பூச்சு போட்ட விலையுயர்ந்த கேபிள்களும் உண்டு. பந்தயத்துக்கு முந்தைய வாரம் அது தேவையில்லை என்பதுதான் என் கருத்து. சில பூச்சுகள் தேயும்போது நார்நாராக உரிந்து ஷிஃப்டருக்குள்ளும் ஹவுசிங்குக்குள்ளும் சேர்ந்துகொள்ளும். பூச்சில்லாத, துருப்பிடிக்காத எஃகுக் கேபிள் போதும்.

ஹவுசிங் வாங்கினால் கியருக்கானதாகக் கேட்டு வாங்குங்கள், பொதுவாக 4 மில்லிமீட்டர். அதன் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். பிரேக் ஹவுசிங்கில் கம்பி சுருளாக இருக்கும். பிரேக் ஹவுசிங்கைக் கியருக்குப் போட்டால் அது அமுங்கி அமுங்கி கியர் ஒழுங்காக நிற்காது. மிச்சமிருக்கும் கியர் ஹவுசிங்கை பிரேக்குக்கு மட்டும் ஒருபோதும் போடாதீர்கள். பிரேக்கை அழுத்தும் விசையில் அது பிளந்துவிடலாம், பிரேக் இல்லாமல் போய்விடும்.

கூடவே ஹவுசிங் முனைக்கான தொப்பிகள், கேபிள் வாலுக்கான சின்ன மூடிகள், 4 மற்றும் 5 மில்லிமீட்டர் ஆலன் கீ, ஒரு கூரான ஊசி, டார்ச். இவற்றோடு நல்ல கேபிள் கட்டர் ஒன்று. கட்டர் கேபிளைவிடப் பல மடங்கு விலை என்றாலும் அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். சாதாரண பிளேயரால் வெட்டினால் முனை நசுங்கி இழை இழையாகப் பிரிந்துவிடும், அதன்பிறகு அது எந்தத் துளைக்குள்ளும் போகாது.

பட்டறைக் கூலி வேலைக்கு வேலை மாறும். உள் கேபிள் மட்டும் மாற்றுவது மலிவு. ஹவுசிங்கோடு மாற்றினால் பார் டேப் விலையும் சேரும். கேபிள் ஃபிரேமுக்குள்ளே ஓடும் வண்டி என்றால் கூலி இன்னும் கூடும். தலை அறுந்து சிக்கிவிட்டால் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவர்களாலேயே சொல்ல முடியாது. எடுக்கவே முடியாவிட்டால் ஷிஃப்டரையே மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவுக்கு ஒரு பெட்டி நிறையக் கேபிள் வாங்கலாம். வண்டியைக் கொடுக்கும்போது "டியூன் பண்ணுங்க" என்று சொல்லாமல், "உள் கேபிளை மாத்திக் கொடுங்க, பழைய கேபிளை என்கிட்டயே கொடுத்துடுங்க" என்று கேளுங்கள். பழைய கேபிள் கைக்கு வந்தால்தான் மாற்றியது உறுதி.

5. பழைய கேபிளை எடுப்பது

எதையும் தளர்த்துவதற்கு முன் டிரெயிலியர் போல்ட்டைக் கிட்டத்தில் வைத்துப் படமெடுங்கள். கேபிள் போல்ட்டின் எந்தப் பக்கம், எந்தப் பள்ளத்தில் படிந்திருக்கிறது என்பது தெரிய வேண்டும். திரும்பப் போடும்போது பக்கம் மாறிவிட்டால் இழுவை அளவே மாறி, எந்தக் கியரும் சரியாக நிற்காது. பலர் மணிக்கணக்கில் டியூன் செய்து தோற்பது இதனால்தான்.

அடுத்து, செயின் மிகச் சின்ன பல்சக்கரத்தில் இருக்கட்டும். பிறகும் கேபிளை விடுவிக்கும் லீவரை, அது இனி கிளிக் ஆகாது என்ற நிலை வரும்வரை அழுத்துங்கள். ஒரு கிளிக் மிச்சம் இருந்தாலும் உள்ளே உருளையும் வெளியே துளையும் நேர்கோட்டில் வராது, தலை எட்டிப் பார்க்காது.

போல்ட்டைத் தளர்த்தி, நசுங்கிய வாலை கட்டரால் சுத்தமாக வெட்டுங்கள். வெட்டாமல் இழுத்தால் பிரிந்த இழைகள் ஹவுசிங்குக்குள் சிக்கும்.

ஃபிரேமுக்குள் கேபிள் ஹவுசிங் இல்லாமல் வெறுமனே ஓடும் வண்டி என்றால், இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். பழைய கேபிளை அப்படியே உருவிவிட்டால் புதியதைக் கோக்க வழி தெரியாது. முதலில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை டிரெயிலியர் பக்கத்திலிருந்து பழைய கேபிளின் மேல் ஏற்றி, ஃபிரேமின் முன்துளை வழியாக வெளியே வரும்வரை தள்ளுங்கள். பிறகு கேபிளை மட்டும் உருவுங்கள். குழாய் உள்ளேயே இருக்கும், புதுக் கேபிள் அதன் வழியாகச் சுலபமாகப் போய்விடும். ஹவுசிங்கே முழுவதும் உள்ளே ஓடும் வண்டிக்கு இது தேவையில்லை.

இப்போது கேபிளை ஷிஃப்டர் பக்கமாகத் தள்ளி, எட்டிப் பார்க்கும் தலையைப் பிடித்து மெதுவாக இழுங்கள். வெளியே வந்ததும் தலைக்குப் பக்கத்தில் இழைகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு துணுக்கு குறைந்தாலும் அது ஷிஃப்டருக்குள்தான் கிடக்கிறது. டார்ச் அடித்து, ஊசியால் கிளறி எடுத்துவிடுங்கள். உள்ளே விட்டால் புதுக் கேபிளை அதுவே அரிக்கும்.

கேபிள் ஏற்கெனவே அறுந்திருந்தால்: பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றும் லீவரைத் தொடவே தொடாதீர்கள். ஒவ்வொரு அழுத்தலும் அறுந்த தலையை இன்னும் உள்ளே இழுத்துச் செல்லும். விடுவிக்கும் லீவரை மட்டும் கடைசிவரை அழுத்திவிட்டு, கையேட்டில் காட்டியிருக்கும் துளையின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஊசியால் தலையைத் தள்ளிப் பாருங்கள். சில மாடல்களில் சின்ன மூடியைத் திறந்தால் இடம் கிடைக்கும். துருப்பிடிக்காத எஃகு என்பதால் காந்தத்தை நம்ப முடியாது. குறடு மாதிரி மெல்லிய இடுக்கிதான் உதவும். விடுவிக்கும் லீவர் அசையவே மறுத்தால் பலம் காட்ட வேண்டாம். அங்கேயே நிறுத்திப் பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

6. புதிய கேபிளைப் போடுவது

புதுக் கேபிளின் முனை தொழிற்சாலையில் பிரியாதபடி செய்யப்பட்டிருக்கும். கோத்து முடியும்வரை அதை வெட்டாதீர்கள். கேபிளை லேசாகச் சுழற்றிக்கொண்டே தள்ளினால் வளைவுகளைத் தாண்டிவிடும். எங்காவது தட்டினால் பின்னால் இழுத்து மறுபடி தள்ளுங்கள். மடிந்த கேபிள் மடிந்ததுதான், அதை ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். வேலையின்போது கேபிள் தரையில் புரண்டு மண் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹவுசிங் துண்டை மாற்றுவதானால் பழையதன் நீளத்துக்கே வெட்டி, முனையை அரத்தால் சமமாக்கி, உள்ளே நசுங்கிய பிளாஸ்டிக் துளையை ஊசியால் திறந்து, தொப்பி போடுங்கள். பெடல் அச்சுக்குக் கீழே கேபிளைத் தாங்கும் பிளாஸ்டிக் வழிகாட்டி இருந்தால் அதன் பள்ளத்தைத் துடையுங்கள். அங்கே பானக் கறையும் சேறும் இறுகிக் கிடக்கும். ஹவுசிங்குக்குள் கெட்டியான கிரீஸ் அடைக்க வேண்டாம். அழுக்கை ஒட்டிக்கொண்டு கியரை மந்தமாக்கும்.

தலை ஷிஃப்டருக்குள் தன் இடத்தில் சரியாக உட்காரும்வரை மறுமுனையிலிருந்து இழுங்கள். பேரல் அட்ஜஸ்டரை முழுவதும் உள்ளே திருகி, பிறகு ஓரிரு சுற்று வெளியே எடுத்து வையுங்கள். கேபிளைக் கையால் விறைப்பாகப் பிடித்து, படத்தில் பார்த்த அதே பள்ளத்தில் வைத்து போல்ட்டை இறுக்குங்கள். ஷிமானோ ரோடு டிரெயிலியர்களுக்குப் பொதுவாக 6 முதல் 7 நியூட்டன் மீட்டர், மற்றவற்றுக்குக் கையேட்டைப் பாருங்கள்.

அப்புறம் இதைத் தவறாமல் செய்யுங்கள். பெடலைச் சுற்றாமல், பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றும் லீவரை நான்கைந்து முறை அழுத்தி, கேபிளுக்கு நல்ல இழுவை கொடுங்கள். ஹவுசிங் முனைகள் தொப்பிகளுக்குள் போய் அமரும் சத்தம் கேட்கும். புதுக் கேபிள் நீள்கிறது என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தப் படிதல்தான். திரும்பக் கடைசிக் கிளிக் வரை விடுவித்து, பெடலைச் சுற்றிச் செயினைச் சின்ன பல்சக்கரத்தில் நிறுத்தி, போல்ட்டைத் தளர்த்தி, சேர்ந்த தளர்வை இழுத்து மறுபடி இறுக்குங்கள். வாலை இன்னும் வெட்ட வேண்டாம்.

7. டியூன் செய்து ஓட்டிப் பார்ப்பது

சின்ன பல்சக்கரத்தில் வைத்து ஒரு கிளிக் கொடுங்கள். செயின் இரண்டாவதுக்கு ஏறவில்லை என்றால் கேபிள் இறுகும்படி அட்ஜஸ்டரைக் கால் சுற்று வெளியே திருப்புங்கள். ஏறி மூன்றாவதை உரசினால் கால் சுற்று உள்ளே. இது சரியானதும் நடுப் பல்சக்கரங்களையும் கடைசியாகப் பெரியதையும் பாருங்கள். எப்போதும் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள்.

டிரெயிலியர் இரு ஓரங்களையும் தாண்டாமல் தடுக்கும் இரண்டு லிமிட் ஸ்குரூக்களைத் தொடாதீர்கள். கேபிள் மாற்றியதால் அவை மாறுவதில்லை. தெரியாமல் தளர்த்தினால் செயின் சக்கரக் கம்பிகளுக்குள் விழலாம்.

எல்லாக் கியரும் விழுகிறது என்று தெரிந்த பிறகு, போல்ட்டிலிருந்து மூன்று, நான்கு சென்டிமீட்டர் விட்டு வாலை வெட்டி மூடி போட்டு நசுக்குங்கள். பிறகு ரோட்டில் ஓட்டுங்கள். ஸ்டாண்டில் சரியாக விழும் கியர், ஏற்றத்தில் முழு பலத்தோடு மிதிக்கும்போது தயங்கலாம். பந்தய வேகத்தில் ஒரு ஓட்டமாவது போய் வந்து, தேவைப்பட்டால் இன்னொரு கால் சுற்று.

8. பந்தயத்தின் நடுவே அறுந்துவிட்டால்

பின் கேபிள் அறுந்தால் வழக்கமான டிரெயிலியர் மிகச் சின்ன பல்சக்கரத்துக்கு ஓடிவிடும். சமதளத்தில் ஓட்டலாம், ஏற்றத்தில் முடியாது. முன் கியர் இருந்தால் சின்ன வளையத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கொஞ்சம் சமாளிக்கலாம்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. தலையுள்ள பழைய கேபிள் துண்டு ஒன்று, சுமார் 30 சென்டிமீட்டர், கையில் இருக்க வேண்டும். டிரெயிலியரிலிருந்து அறுந்த கேபிளைக் கழற்றுங்கள். அட்ஜஸ்டரில் செருகியிருக்கும் ஹவுசிங்கை உருவிவிட்டு, அந்த இடத்தில் துண்டின் தலை உட்காரும்படி கேபிளை விடுங்கள். டிரெயிலியரைக் கையால் உள்ளே தள்ளி, நடுவில் உள்ள பல்சக்கரத்துக்கு நேராகப் பிடித்து போல்ட்டை இறுக்குங்கள். அட்ஜஸ்டரால் உரசல் இல்லாமல் செய்துகொள்ளுங்கள். இனி பின்னால் ஒரே கியர், ஆனால் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பொதுவான கியர். வீட்டில் ஒருமுறை செய்து பார்த்திருந்தால் வழியில் சில நிமிடங்களில் முடியும். தொங்கும் பழைய கேபிளைச் சுருட்டி, சக்கரத்தில் படாமல் கட்டிவிடுங்கள்.

துண்டு கையில் இல்லையென்றால், டிரெயிலியரின் வெளி லிமிட் ஸ்குரூவை (சின்ன பல்சக்கரப் பக்கத்து எல்லையை வைப்பது) உள்ளே திருகினால் ஒன்றிரண்டு பல்சக்கரம் மேலே தள்ளும். அதற்குமேல் அது போகாது. பந்தயம் முடிந்ததும் ஸ்குரூவைப் பழைய இடத்துக்கே திருப்ப வேண்டும் என்பதால் எத்தனை சுற்று திருகினீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இப்போது மாற்றிய கேபிளின் தலைப்பக்கம் பிரியாமல் இருந்தால் அதிலிருந்தே துண்டை வெட்டிக்கொள்ளலாம். பிரிந்திருந்தால் முன் கியரின் பழைய கேபிளிலிருந்து எடுங்கள். வெட்டிய முனைக்கு மூடி போட்டு, 5 மில்லிமீட்டர் ஆலன் கீயோடு சேர்த்து ரப்பர் வளையத்தால் கட்டி, சீட்டுக்குக் கீழே இருக்கும் பையில் டியூபுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். உங்கள் டிரெயிலியர் போல்ட்டுக்கு 4 மில்லிமீட்டர் கீ என்றால் அதை வையுங்கள்.